தாடைக்குள் இருக்கும் பிளேட்: விடுவதா, எடுப்பதா?

எனக்குத் தாடை ஆபரேஷன் முடிந்து, ஒன்றரை மாதம் பருத்திப்பாலும் கரைத்த இட்லியுமாக ஓட்டிய பிறகு பெரியம்மா கேட்டார்: "உள்ள வச்ச இரும்ப எப்பய்யா எடுப்பாக?" சித்தப்பா காலில் வைத்த கம்பியை எடுத்தது அவருக்கு நினைவு.

அது இரும்பு இல்லை, டைட்டானியம். துருப்பிடிக்காது, எலும்பும் அதை ஒட்டியே வளரும். என் மேல்தாடையில் நான்கு, கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்று, ஆக ஆறு பிளேட். வெட்டி நகர்த்திய எலும்பு கூடும்வரை அசையாமல் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. சில மாதங்களில் அது முடிந்துவிடும். அப்புறம் சும்மா கிடப்பதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பேன். டைட்டானியம் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு இழுபடாது, முகத்தை எடுக்கும் படத்தில் மட்டும் பிளேட்டைச் சுற்றிக் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். மதுரை ஏர்போர்ட் சோதனையில் எனக்குச் சத்தமே வரவில்லை. டிசம்பரில் கொடைக்கானல் ஏரிப்பக்கம் நடந்தபோது கன்னத்து ஓரம் விண்ணென்றது, உண்மைதான். சிலருக்குக் குளிரில் அப்படி இருக்கும். மதுரை வெயிலில் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் சீழ் வைத்தால், ஈறு கிழிந்து பிளேட் எட்டிப் பார்த்தால், ஸ்க்ரூ தளர்ந்தால் கதை வேறு. எட்டாவது மாதம் என் இடது கீழ் ஈறில் அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம் வந்தது. நாக்கால் அழுத்தினால் உப்புக் கரித்தது. மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் பத்தே நாளில் திரும்ப வரும். கிருமி பிளேட்டின் மேலேயே படலமாக ஒட்டிக்கொண்டுவிட்டால் மருந்தால் அதை முழுசாக அழிக்க முடிவதில்லை. எலும்பு கூடிவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு எடுத்துவிடுவதுதான் வழி. எலும்பு கூடுவதற்கு முன்பே சீழ் வைத்தால், கழுவி, மருந்து கொடுத்து, கூடும்வரை ஓட்டப் பார்ப்பார்கள்.

அப்போதுதான் வீட்டில் அடுத்த யோசனை வந்தது: எடுப்பதே எடுக்கிறோம், ஒரே மயக்கத்தில் ஆறையும் எடுத்துவிட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேல்தாடைப் பிளேட்டுகளை எடுக்க, மேலுதட்டுக்கு உள்ளே பழைய வெட்டை மறுபடி திறக்க வேண்டும். கீழே, உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு என் கீழுதடு ஏழு மாதம் மரத்துக் கிடந்தது. கஞ்சி முகவாயில் வழிவதை மனைவி சொல்லித்தான் துடைப்பேன். நான் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் பேசிப் பிழைப்பவன். அமைதியாக இருக்கும் ஐந்து பிளேட்டுக்காக அந்த உதட்டைப் பணயம் வைக்க மனசு வரவில்லை. கெட்டுப்போன ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னேன். இன்றும் அதுவே சரி என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் என்பதால் முழு மயக்கம் தேவைப்படவில்லை. ஊசி போட்டு மரக்கவைத்தே எடுத்தார்கள். வலி இல்லை, ஸ்க்ரூ திரும்பும் நறநறப்பு மட்டும் காதுக்குள் கேட்டது. மூன்று சுலபமாகக் கழன்றன. நான்காவதன் தலையை எலும்பு மூடியிருந்ததால், சுரண்டி எடுக்க அதுவரை ஆன நேரத்தைவிடக் கூடுதலாக ஆனது. ஒன்பது மாதத்துக்கே இப்படி. எடுத்தே ஆக வேண்டிய காரணம் இருந்தால் வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

தானாகக் கரையும் பிளேட்டும் உண்டு. பாலிலாக்டிக் அமிலம் போன்ற பொருளில் செய்வது. எடுக்கும் வேலை மிச்சம் என்றாலும் டைட்டானியத்தைவிட உறுதி குறைவு, தடிமன் அதிகம், விலையும் கூடுதல். கரைய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதற்குள் சிலருக்கு வீக்கம் வரும். வேண்டுமென்றால் முதல் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

எடுத்த பிளேட்டைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பெரியம்மா கையில் வாங்கி, "இம்புட்டுத்தானா?" என்றார். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மூடும்வரை கடித்து இழுக்கிற எதுவும் கூடாது என்று சொல்லியிருந்ததால், கறிதோசை அடுத்த மாதம்தான் கிடைத்தது.