ப்ரூக்ஸ் பி17 சீட்டும் மெல்லிய பேட் ஷார்ட்ஸும்: ஈசிஆர் சூட்டில் இந்த ஜோடி எப்படி?

ப்ரூக்ஸ் கம்பெனியின் பி17 என்கிற இந்தத் தோல் சைக்கிள் சீட் கெட்டி. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு "இதுலயா உக்காரணும்?" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும், அதாவது 80–90 கிலோமீட்டர் உட்கார வேண்டும் என்றால் விரல் சொல்வதை நம்பக் கூடாது.

முன்பு என் சைக்கிளில் அகலமான மெத்து சீட், அதன்மேல் ஒரு ஜெல் கவர், போதாததற்குத் தலையணை கணக்காகத் தடித்த பேட் வைத்த ஷார்ட்ஸ் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், அந்த விலைக்கு எல்லாரும் அதைத்தான் விற்கிறார்கள்). முட்டுக்காடு வரை சொகுசுதான். கோவளம் தாண்டினால் நடுவில் மரத்துப்போக ஆரம்பிக்கும். காரணம் ரொம்பச் சுலபம்: நம் எடையைத் தாங்க வேண்டியவை பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகள். சீட் மெத்தென்றால் அவை உள்ளே அமுங்கிவிடும், அமுங்கிய நுரை நடுவில் எழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற இடத்தை அழுத்தும். ஷார்ட்ஸும் மெத்தென்றால் இரண்டு மெத்தைகளும் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு கொஞ்சம் அலையும், தொடை இடுக்கில் உரசும், நம் ஊர் வியர்வையில் அந்த உரசலே கொப்புளமாகிவிடும்.

மரத்துப்போவதைச் சும்மா விடாதீர்கள். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகிற போலீஸ்காரர்களுக்கு முன்மூக்கு இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. மரத்துப்போவது நன்றாகவே குறைந்திருந்தது. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம், எவ்வளவு மெத்து என்பது அதற்கு அப்புறம்தான்.

சரி, பி17. உட்காரும் பாகம் முழுக்க இழுத்துக் கட்டிய தடித்த தோல்தான், நுரை கிடையாது. அகலம் 17.5 சென்டிமீட்டர். புதிதில் கெட்டியாக இருந்தாலும் ஓட்ட ஓட்ட எலும்பு படுகிற இரண்டு இடத்திலும் தோல் மெல்லக் குழிந்து நம் உடம்புக்குப் பழகிக்கொள்கிறது, நடு அப்படியே நிற்கிறது. இது பழகுகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டத்தான் வேண்டும், அதை மறைத்து எழுத மாட்டேன். பழகிய பிறகு சீட் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது.

ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. வாங்குமுன் அட்டைப்பெட்டி அட்டை ஒன்றைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, எழுந்து பாருங்கள். இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டர் வரும், அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் உங்கள் சீட்டின் அகலம். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும். ஹேண்டில்பாரைத் தாழ்த்தி ரேஸ் பாணியில் குனிந்து ஓட்டுகிறீர்களா, பி17 தொடையில் இடிக்கும், அதே வரிசையில் குறுகலானது இருக்கிறது, அதைப் பாருங்கள். எடையும் அரை கிலோவுக்கு மேல். விலையைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு ஒரு சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாமே என்று வீட்டில் கேட்பார்கள், கேள்வி நியாயம்தான்.

இப்படிக் கெட்டியான, அகலம் சரியான சீட் இருந்தால் ஷார்ட்ஸில் தடிமன் தேவையில்லை. பேடை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள், விரல்கள் உடனே ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அது ஒரு மணி நேரத்தில் சப்பையாகிவிடும். மெல்லியதாக, ஆனால் அடர்த்தியாக, எலும்பு படுகிற இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. நடுவில் தையல் ஓடக் கூடாது. நின்று பார்க்கும்போது இறுக்கமாகத் தோன்றுகிற சைஸ்தான் சரியான சைஸ், தொளதொளவென்றால் பேட் இடம் மாறிவிடும். அப்புறம், எல்லாரும் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம்: உள்ளே ஜட்டி போடக் கூடாது. பேடே நேராகத் தோலில் படத்தான் தைக்கப்பட்டிருக்கிறது, ஜட்டியின் தையலும் நனைந்த பருத்தியும் சேர்ந்தால் அத்தனை காசும் வீண். டீக்கடையில் இறங்க வெட்கமாக இருந்தால் மேலே ஒரு லூசான ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான்.

உயரத்தைச் சரிபார்க்காமல் எதை வாங்கியும் பயனில்லை. குதிகாலை மிதியில் வைத்துக் கீழே தள்ளும்போது முழங்கால் நேராக வேண்டும். அதற்குமேல் சீட்டை ஏற்றினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், எந்தப் பேடும் காப்பாற்றாது. பி17க்கு மூக்கு ஒரு துளி மேல்நோக்கி இருந்தால் முன்னால் சறுக்காது.

நம் ஊரில் இந்தச் சீட்டுக்கு எதிரி மழைதான். ஊறிய தோலில் உட்கார்ந்து ஓட்டினால் அது தொய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சீட்டுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியே வைத்திருங்கள், நனைந்தால் நிழலில் காய வையுங்கள், அவர்களே விற்கிற மெழுகை அவ்வப்போது தேயுங்கள். மூக்கடியில் இருக்கிற இறுக்கும் நட்டைச் சும்மா சும்மா திருகாதீர்கள். இவ்வளவு பணிவிடை முடியாது என்றால் அதே கம்பெனியின் கேம்பியம் இருக்கிறது. இயற்கை ரப்பரும் பருத்தித் துணியும் கலந்தது, மழைக்குப் பயமில்லை, ஆனால் தோல் போலக் குழிந்து கொடுக்காது.

பேன்ட் போட்டு நாலைந்து கிலோமீட்டர் ஆபீஸ் போகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். கடைக்காரர் தந்த மெத்து சீட்டே போதும், ஷார்ட்ஸும் தேவையில்லை. நீள ஓட்டம்தான், ஆனால் தோல் சீட்டுக்குப் பட்ஜெட் இல்லை என்றால் அகலம் அளந்து, நடுவில் பள்ளம் விட்ட கெட்டியான நுரை சீட் ஒன்றை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஷார்ட்ஸ் இரண்டாக வாங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் துவைத்தே ஆக வேண்டும், ஐப்பசி மழையில் அது ஒரே நாளில் காயாது.