டீசல் மிச்சம் பிடித்துத் தருகிறோம் என்று 78,000 ரூபாய் வாங்கிய கதை

பழைய பஜிரோ, பிராடோ, டிஃபெண்டர் மாதிரி நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வைத்திருக்கிற வன்னி ஆட்கள் இதைக் கொஞ்சம் மினக்கெட்டு வாசியுங்கள். போன ஐப்பசியில் நான் 78,000 ரூபாய் கொடுத்து என் வாகனத்தை நானே பழுதாக்கிக்கொண்டேன். அந்தக் காசுக்குக் கிடைத்தவை: டீசல் குழாயில் கட்டிய இரண்டு காந்தத் துண்டு, காற்றுக் குழாய்க்குள் ஒரு தகரக் காற்றாடி, பற்றரியில் ஒட்டிய ஒரு கறுப்புப் பெட்டி, டீசலோடு கலக்கச் சொல்லிப் பச்சை நிறத்தில் ஒரு போத்தல். இஞ்சின் இடிக்கிற சத்தம் இலவசம்.

கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. எழுதினால் ஒரு கிழமையில் பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த சந்தியில் இருப்பார்கள். அவர்கள் காட்டுகிற வித்தை எப்படி என்று தெரிந்தால் எந்தச் சந்தியில் கண்டாலும் பிடிபடும், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1996ஆம் ஆண்டு பஜிரோ, 2.8 டேர்போ டீசல், 4எம்40 இஞ்சின். 31 அங்குல ரயர், மேலே ஒரு இரும்புக் கரியர். கிழமைக்கு ஒருக்கால் ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வந்து ஏ9இல் ஏறி வவுனியா போய் வருவேன், மாதத்தில் ஒரு தடவை கொழும்பு. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வடிவாக அளந்தது கிடையாது. 2021 மார்கழிக் கடைசியில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஆனிக் கடைசியில் 460 ஆனதும், அதற்கும் மேலாகப் பெற்றோல் செட் வரிசையில் வாகனத்துக்குள்ளேயே படுத்தெழும்பியதும், பிறகு எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையோடு அலைந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பயம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. "மிச்சம்" என்று யாராவது சொன்னால் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும். அவர்களின் முதலீடே இந்தப் பயம்தான்.

முறிகண்டியில் வழமை போல இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் வைப்பரில் ஒரு துண்டுப் பிரசுரம் செருகியிருந்தது. "30 வீதம் எரிபொருள் மிச்சம், தீப்பொறி வலுவாகும், இஞ்சின் ஆயுள் கூடும்." தீப்பொறி என்ற சொல்லை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றும், இல்லாத தீப்பொறியை எப்படி வலுவாக்குவது? இது எனக்குத் தெரியாத விசயமும் இல்லை. ஆனாலும் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மனிசி பக்கத்தில் இருந்து, "உதை ஏன் வைக்கிறியள்?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

சரி, கடைக்குப் போனேன். நல்ல மரியாதை, பிளேன்ரீ எல்லாம் தந்தார்கள். "அண்ணை, இப்ப எவ்வளவு ஓடுது?" என்று கேட்டான் அந்தப் பொடியன். எட்டு என்றேன். எழுதிக்கொண்டான். பூட்டுவதற்கு முன் அவர்கள் அளக்கவே இல்லை, நான் வாயால் சொன்ன எண்தான் "முன்" கணக்கு, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று மணித்தியாலம் பொனற்றுக்குள் தலையை விட்டு ஏதேதோ செய்தார்கள். முடிந்ததும் "வாங்கோ அண்ணை, உங்கட கண்ணுக்கு முன்னால அளந்து காட்டுறம்" என்று வெளிக்கிட்டோம்.

நான் ஏமாந்தது இந்த ஓட்டத்தில்தான். வெளிக்கிட முதல் "இலவச சேவை" என்று நாலு ரயருக்கும் 45 இறாத்தல் காற்று அடித்தார்கள். என் ரயர்கள் வயலுக்குள்ளும் கடற்கரை மணலிலும் இறங்குவதற்காக இறக்கிவிட்டு, பிறகு சரியாக ஏற்றாமல் 22இல் கிடந்தவை. கரியர் சத்தம் போடுது என்று கழற்றிக் கடைக்குள் வைத்தார்கள். இஞ்சின் சத்தத்தை நீங்களே கேளுங்கோ என்று ஏசியை நிற்பாட்டினார்கள். பெற்றோல் செட்டில் வாகனத்தை ஆட்டி ஆட்டிக் கழுத்து மட்டும் டீசல் விட்டார்கள். அவர்களின் ஆள்தான் ஓட்டினான், 22 கிலோமீற்றர் போய் 22 கிலோமீற்றர் திரும்பி வந்தோம், முள்ளு 60ஐத் தாண்டவில்லை. திரும்பி வந்து அதே செட்டில் அடிக்கும்போது நொசில் முதல் தடவை "டக்" என்று நின்ற உடனேயே போதும் என்றார்கள். 3.4 லீற்றர். 44ஐ 3.4ஆல் பிரித்தால் லீற்றருக்கு 12.9. கல்குலேட்டரை என் கையில் தந்தே தட்ட வைத்தார்கள். நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது ஆறுதலாக இருந்து யோசித்தால், அன்றைக்குக் கொஞ்சம் மிச்சம் நிச்சயமாக இருந்திருக்கும். ரயரில் காற்று, கரியர் இல்லாத கூரை, ஏசி இல்லை, மெதுவான ஓட்டம், எல்லாமே டீசலைக் குறைக்கிறவை, ஒன்றுக்கும் காசு தேவையில்லை. மீதிக் கணக்கு கழுத்து மட்டும் விட்டதற்கும் முதல் டக்கில் நிற்பாட்டியதற்கும் இடையில் இருக்கிறது. 44 கிலோமீற்றருக்குப் போவதே ஐந்தாறு லீற்றர், அதில் ஒரு லீற்றரை இப்படி ஒளித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். இதையே 400 கிலோமீற்றர் ஓடி 50 லீற்றர் அடிக்கிற கணக்கில் செய்தால் ஒரு லீற்றர் என்பது வெறும் 2 வீதம். குறுகிய ஓட்டத்தில் அளந்து காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த கொழும்புப் பயணத்தில் நானே அளந்தேன். ஒரே செட், ஒரே பம்ப், இரண்டு தடவையும் முதல் டக். 412 கிலோமீற்றருக்கு 53 லீற்றர், அதாவது 7.8. நான் வாயால் சொன்ன எட்டைவிடக் குறைவு! அதோடு வாகனத்துக்கு இழுவையும் இல்லை. ஒரு பஸ்ஸை முந்துவதற்கு ஓமந்தையில் தொடங்கினால் புளியங்குளத்தில் முடியும் போல இருந்தது. இஞ்சினில் இரும்பில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், சூடு காட்டுகிற முள்ளு வழமையான இடத்துக்கு ஏறவே இல்லை. குளிராக ஓடுது, நல்லதுதானே என்று நான் சந்தோசப்பட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பிப் போய்க் கேட்டேன். முதலில் "இஞ்சின் பழக 2,000 கிலோமீற்றர் ஓட வேணும் அண்ணை" என்றார்கள். ஓடிவிட்டுப் போனேன். "நீங்கள் ஓடுற விதம் சரியில்லை" என்றார்கள். மூன்றாம் தடவை பிளேன்ரீயும் இல்லை, பழைய பொடியனும் இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் "சேவைக் கட்டணம்" என்று ஒரு சொல்தான், என்ன பூட்டினார்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம், ஆனால் கையில் விபரமான பில் இல்லாமல் எதை வைத்து என்ன சொல்வது? பூட்டுகிற சாமான் ஒவ்வொன்றையும் பெயர் எழுதி வாங்குங்கள், எழுத மாட்டோம் என்றால் அப்படியே திரும்பி வாருங்கள்.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற மருமகன் காந்தத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, டீசல் காந்தத்துக்கு மசியிற சாமானே இல்லை" என்றான். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இந்த மாதிரிக் கருவிகளை 100க்கு மேல் ஆராய்ந்து பார்த்தும் குறிப்பிடத்தக்க மிச்சம் தருவதாக ஒன்றும் அகப்படவில்லை என்பதையும் அவன்தான் காட்டினான். காற்றாடியைப் பற்றிக் கேட்டேன். டேர்போ இருக்கிற இஞ்சினின் மூக்கில் அடைப்பு வைத்தது போலத்தான் என்றான்.

கடைசியில் எங்கள் பக்கத்தில் உழவு மெசின் திருத்துகிற பழைய பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த ஆட்களில் ஒருவர், மிச்சம் பிடிப்பதைப் பற்றி அவருக்கு யாரும் பிரசுரம் கொடுக்கத் தேவையில்லை. பொனற்றைத் திறந்ததும், "தம்பி, உதென்ன டீசல் குழாய்க்குத் தாலி கட்டியிருக்கு?" என்றார். பிறகு பேச்சு இல்லை. டீசல் பம்பின் ஈயச் சீல் உடைந்திருந்ததைக் காட்டினார். பம்பில் டீசலைக் குறைக்கிற திருகைத் திருகி, ரைமிங்கையும், அதாவது டீசல் பாய்கிற நேரத்தையும், முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதனால்தான் இழுவை போனது, இடிச் சத்தம் வந்தது. இழுவை இல்லாததால் நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். இஞ்சின் சூட்டை அளவாக வைத்திருக்கிற தெர்மோஸ்டாட் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வன்னி வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றி எறிகிற பழக்கம் நிறையக் கராஜ்களில் இருக்கிறது, சிலர் நல்ல நோக்கத்தோடேயே செய்கிறார்கள், ஆனால் இஞ்சின் அதற்குரிய சூட்டுக்கு வராவிட்டால் டீசல் கூடக் குடிக்கும், உள்ளுக்குள் தேய்மானமும் கூடும்.

"இது அவங்கள் செய்தது. உன்ர பழைய வருத்தம் என்னெண்டு பாப்பம், மாங்குளத்துக்கு விடு" என்றார். மாங்குளத்தில் இருந்து முறிகண்டி வரை ஓட்டச் சொல்லி, கடைசி அரைக் கிலோமீற்றர் பிரேக்கில் கால் வைக்காமல் தானாக ஓய்ந்து நிற்க விடச் சொன்னார். இறங்கியதும் பிள்ளையாரிடம் போவார் என்று பார்த்தால், ஆள் நாலு சில்லையும் சுற்றி வந்து ஒவ்வொரு ரிம்முக்கும் கிட்டப் புறங்கையைப் பிடித்துப் பார்த்தார். மூன்று சாதாரணச் சூடு. வலப்பக்க முன் சில்லுக்குக் கிட்டக் கை வைக்க முடியவில்லை. பிரேக் கட்டையை அழுத்துகிற கலிப்பரின் ஆணி துருப்பிடித்து இறுகி, பிரேக் எந்த நேரமும் அரைவாசி பிடித்தபடியே இருந்திருக்கிறது. எத்தனை வருசமாக என்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

அடுத்தது முன் இழுவை. பஜிரோவில் கியரை 2எச்சுக்கு, அதாவது பின் சில்லு மட்டும் இழுக்கிற நிலைக்கு, தள்ளினால் வாக்குவம் (காற்று உறிஞ்சல்) இழுத்து முன் அச்சை விடுவிக்க வேண்டும். வாகனத்தை அப்படியே நிற்க விட்டு, கீழே படுத்து முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றவில்லை. விடுபட்டிருந்தால் லேசாகச் சுற்றுமாம். பழைய ரப்பர் வாக்குவம் குழாய் வெடித்து, முன் அச்சு விடுபடாமல் நான் ஓடுகிற நேரமெல்லாம் முன் ஷாஃப்டும் டிஃபரன்சியலும் சும்மா சேர்ந்து சுழன்றிருக்கின்றன. டாஷ்போட்டில் முன் சில்லு விளக்கு ரெண்டும் ஒரு வருசமாக மினுங்கிக்கொண்டுதான் இருந்தன, நான் கணக்கெடுக்கவில்லை. கடைக்காரர் பூட்டிய பிறகு மினுங்கல் நின்றது, அதைப் பெரிய திருத்தம் என்று அவர்களே காட்டினார்கள். பாஸ் டாஷ்போட்டைக் கழற்றிப் பார்த்தார். பல்ப் ரெண்டும் இல்லை.

இதற்குப் பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை. பேய்க்காட்டுவதிலும் ஒரு மினக்கேடு எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

செலவைச் சொல்கிறேன். பம்பைக் கழற்றிக்கொண்டுபோய் மேசையில் வைத்துச் சரிபார்த்து மறுபடி பூட்ட 22,000. தெர்மோஸ்டாட், கலிப்பர் சீல், கிறீஸ், ரப்பர் குழாய், பாஸின் கூலி எல்லாம் சேர்த்து 9,000. குழாய்த் துண்டு சில நூறு ரூபாய்தான். ரயருக்கு 32 இறாத்தல் அடித்தோம். 45இல் ரயர் நடுவில் தேயும், மழைக்குப் பிரேக் பிடித்தால் வழுக்கும் என்று ஏசினார். உங்கள் வாகனத்துக்கு எவ்வளவு என்று சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். கரியர் இப்போது ஆட்டுக் கொட்டிலில் சாய்ந்து நிற்கிறது, தேவைப்பட்டால் பத்து நிமிடத்தில் பூட்டலாம். வேகம்தான் எனக்குக் கஷ்டம். புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அந்த நேர் றோட்டைக் கண்டால் கால் தானாக இறங்கும். பஜிரோ மாதிரிப் பெட்டி வடிவ வாகனம் 80இல் இருந்து 100க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், அந்த வித்தியாசத்தை எந்தக் காந்தமும் திருப்பித் தராது. ஊருக்கு வெளியே 70தான் சட்டம், பின்னேரத்தில் மாடுகளும் றோட்டில்தான் படுத்திருக்கும். இப்போது 70, சில நேரம் 75.

போன மாதம் அளந்தேன். 430 கிலோமீற்றர், 44.8 லீற்றர், 9.6 வருகிறது. 31 அங்குல ரயர் என்பதால் மீற்றர் உண்மைத் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், ஏ9 ஓரக் கிலோமீற்றர் கல்லை வைத்து ஒத்துப் பார்த்தேன். அதைச் சேர்த்தால் பத்துக்குக் கிட்ட வரலாம். முப்பது வருச வாகனத்திடம் இதற்கு மேல் கேட்பதில் நியாயம் இல்லை.

போன சனிக்கிழமை முறிகண்டியில் இன்னொரு பொடியன் அதே பிரசுரத்தை நீட்டினான். வாங்கி வாசித்துவிட்டு, "தம்பி, டீசல் வாகனத்தில தீப்பொறி எங்க வருது?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அது பெற்றோல் வாகனத்துக்கு அண்ணை, டீசலுக்கு வேற பேப்பர் இருக்கு" என்று பையைத் திறந்து வேறொரு நிறத்தில் ஒன்றை எடுத்துத் தந்தான்.