“ஒரு வரி மாறினாலும் போன் வரும்” என்றவர்களை நம்பி 3,40,000 ரூபாய் இழந்தோம்

நேற்று வந்த கிளவுட் பில் 3,40,000 ரூபாய். நான்கு பேர் நடத்தும் சிறு நிறுவனத்துக்கு அது இரண்டு மாதச் சம்பளப் பணம்.

சென்ற ஆண்டு ஒரு கிளவுட் பாதுகாப்புக் கண்காணிப்புச் சேவையில் சேர்ந்தோம். அவர்களுடைய விற்பனையாளர், பச்சை விளக்குகள் வரிசையாக எரியும் திரையைக் காட்டி, “உங்கள் லாம்டா ஃபங்ஷனில் ஒரு வரி மாறினாலும் ஐந்து நிமிடத்தில் போன் வரும் சார்” என்றார். (லாம்டா ஃபங்ஷன் என்பது அமேசான் கிளவுடில் தேவைப்படும்போது மட்டும் ஓடும் சிறு நிரல்.) மாற்றிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அன்றே கையெழுத்திட்டேன்.

வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் பழைய ஆக்சஸ் கீ (கிளவுட் கணக்கைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) வெளியே கசிந்திருக்கிறது. அந்தக் கீயை வைத்து ஃபங்ஷன் கோடை மாற்றலாமே தவிர, புதிய பயனரை உருவாக்க முடியாது. ஆனால் இரவில் பேக்கப் எடுக்கும் ஃபங்ஷனுக்கு நாங்கள் அட்மின் ரோல், அதாவது கணக்கில் எதையும் செய்யும் அதிகாரம், கொடுத்து வைத்திருந்தோம். திருடன் அதன் கோடை மாற்றியிருக்கிறான். அது ஓடியதும் அந்த ரோலின் அதிகாரத்திலேயே புதிய அட்மின் பயனர் ஒருவர் உருவாகிவிட்டார். பதிவில் பார்த்தால், எங்கள் பேக்கப் ஃபங்ஷனே அதைச் செய்ததாக இருக்கிறது. பிறகு மூன்று நாள், நாங்கள் தொட்டே பார்க்காத ரீஜியனில் (வேறு இடத்திலுள்ள கிளவுட் மையத்தில்) வாடகை அதிகமான ஜிபியு சர்வர்கள் ஓடியிருக்கின்றன. அந்தப் பில் அதற்குத்தான்.

சேவையினரை அழைத்தால், முதலில் “உங்கள் பேக்கேஜில் அது இல்லை” என்றார்கள். ஒப்பந்தத்தைக் காட்டியதும், “கோடு மாற்றம் டெவலப்பர்களின் அன்றாட வேலைதானே” என்றார்கள். மூன்றாவது முறை, பதிலே இல்லாமல் டிக்கெட் மூடப்பட்டது.

விடாமல் கேட்டு வாங்கிய அவர்களுடைய எச்சரிக்கை விதியை இன்று காலை திறந்து பார்த்தேன். கணக்கில் நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் கிளவுட்ரெயிலில், கோடு மாற்றம் ‘அப்டேட்ஃபங்ஷன்கோட்20150331வி2’ என்றே பதிவாகும். அவர்களுடைய விதியோ ‘20150331வி2’ என்ற வாலில்லாத பெயரை மட்டும் தேடுகிறது. நாங்களே வாரந்தோறும் கோடை மாற்றுகிறோம், ஒரு முறைகூடப் போன் வந்ததில்லை. அந்த அமைதியைத்தான் பாதுகாப்பு என்று ஓராண்டாக நம்பியிருந்தேன். அதன் விலை 3,40,000 ரூபாய்.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை. யாரிடம் சேர்ந்தாலும், முதல் நாளே ஒரு வரியை மாற்றிவிட்டு போன் வருகிறதா என்று பாருங்கள். ஃபங்ஷனுக்கு அட்மின் ரோல் வேண்டாம். கோடின் ஹாஷை (கோடு மாறினால் தானும் மாறும், கைரேகை போன்ற குறியீடு) குறித்து வைத்து ஒப்பிடுங்கள். லேயர் (ஃபங்ஷனோடு தனியாக இணைக்கும் கூடுதல் கோடு) வழியாக நுழைந்தால் அந்த ஹாஷ் மாறாது, ஆகவே கட்டமைப்பு மாற்றங்களையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பதிவுகளை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். தனியாகச் சேமிக்காவிட்டால் 90 நாளுக்கு முந்தையவை கிடைக்காது.