டெனோசுமாப் 60 மி.கி. ஊசி: பல வருடம் போட்ட பிறகு சொல்ல வேண்டியவை

"அம்மாவுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடுற எலும்பு ஊசி எழுதிக் கொடுத்திருக்காங்க. இப்போ விலையும் குறைஞ்சிருக்காம். ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு தோழி கேட்டிருந்தார். எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸுக்குப் போடும் டெனோசுமாப் ஊசியைத்தான் சொல்கிறார். எங்கள் வீட்டில் பல வருடமாகப் புழங்கும் மருந்து என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண், மைனஸ் 2.5 என்ற எல்லை எல்லாம் மருந்து எழுதும்போதே விளக்கியிருப்பார்கள். அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுவது ஒன்று உண்டு: இந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, நினைத்தபோது நிறுத்தவும் கூடாது. என் ஆதங்கம் முழுக்க அதில்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்கிறது. 2009இல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வில், மாதவிடாய் நின்ற 7,800க்கும் மேற்பட்ட பெண்களை மூன்று வருடம் பார்த்தார்கள். முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும், இடுப்பு முறிவு 40 சதவீதமும் குறைந்தன. அதே ஆய்வில் பத்து வருடம் வரை தொடர்ந்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. இதே எலும்புப் பிரச்சினைக்கு வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் பாடு இதில் இல்லை. நெஞ்செரிச்சலும் இல்லை. வருடம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்பு மருந்தை முதல் தடவை ஏற்றிய மறுநாள் பலருக்கு வரும் காய்ச்சலும் உடம்புவலியும் இதில் வழக்கமில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35க்குக் கீழே இருந்தால் ஜோலெட்ரானிக் அமிலம் கூடாது. டெனோசுமாப் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை என்பதால் அந்தத் தடை இதற்குக் கிடையாது. தோலுக்கடியில் ஒரு மி.லி., ஒரு நிமிட வேலை.

புற்றுநோய் சிகிச்சையிலும் இதற்குப் பெரிய இடம் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் எடுக்கும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென் அடியோடு குறைந்து எலும்பு கரையும். அவர்களிடம் இதே 60 மி.கி. ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்த ஆஸ்திரிய ஆய்வு 2015இல் வந்தது. முறிவுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடும் ஆண்களுக்கும், ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இதே அளவுதான். புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால் கணக்கே வேறு. 120 மி.கி., நான்கு வாரத்துக்கு ஒரு முறை. இப்போது பல கம்பெனிகள் தயாரிப்பதால் பெட்டியின் மேல் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போது பெயரோடு நிற்காமல் 60 என்று போட்டிருக்கிறதா, 120 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு டாக்டரிடம் காட்டுபவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

மூட்டுவலி குறையும் என்று நினைத்து இதை ஆரம்பிக்காதீர்கள். முழங்கால் தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். அலெண்ட்ரோனேட்டும் ஜோலெட்ரானிக் அமிலமும் எலும்பிலேயே படிந்து வருடக்கணக்கில் தங்கும். ஒரு டோஸ் தவறினாலும் உடனே ஆபத்து இல்லை. டெனோசுமாப் அப்படித் தங்காது. எலும்பைக் கரைக்கும் செல்கள் உருவாகத் தேவையான ஒரு புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மருந்தின் வேகம் தணிந்ததும் அதுவரை காத்திருந்த செல்கள் மதகு திறந்த வெள்ளமாகக் கிளம்பும். கடைசி ஊசிக்கு ஏழாவது மாதத்திலிருந்தே எலும்பு கரையும் வேகம் ஏறுகிறது, ஆரம்பிப்பதற்கு முன்பு இருந்ததையும் தாண்டி. வருடக்கணக்கில் சேர்த்த அடர்த்தி ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும். அதைவிட மோசம், சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று முதுகெலும்புகள் நசுங்கும். கீழே விழ வேண்டியதில்லை. குனிந்தாலோ படுக்கையில் புரண்டாலோ போதும். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். ஊசி தவறிய சில மாதத்தில் திடீரென்று கடுமையான முதுகுவலி வந்தால், "வாய்வு" என்று தைலம் தடவிக்கொண்டு இருக்காமல் அன்றே முதுகுத்தண்டு எக்ஸ்ரே எடுங்கள்.

இவ்வளவு பெரிய விஷயத்தை முதல் ஊசிக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்ல வேண்டாமா? "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்ற ஒற்றை வரி, கண்ணாடி மாற்றுவதற்கு வரச்சொல்வதுபோல் காதில் விழுகிறது. கல்யாணம், ஊர்ப்பயணம், அமெரிக்காவில் பேரக்குழந்தை என்று ஏதாவது வரும்போது முதலில் தள்ளிப்போவது இந்த ஊசிதான். 2020 ஊரடங்கில் எத்தனையோ பேருக்குத் தேதி தவறியது. அப்போது எலும்பு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து சொன்ன யோசனை இன்றைக்கும் பொருந்தும்: கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்துக்குள் அடுத்ததைப் போட வழியில்லை என்றால், இடைக்காலத்துக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைக்கு மாற்றுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஆக, கையில் இருக்கும் அவகாசம் ஒரு மாதம். தாமதமானால் கிடைத்த முதல் நாளே போட்டுக்கொண்டு, அந்த நாளிலிருந்து அடுத்த ஆறு மாதத்தை எண்ண வேண்டும். எண்ண வேண்டியது ஊசி போட்ட நாளிலிருந்து. டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து எண்ணி, மருந்து வரவழைக்க ஒரு வாரம், நர்ஸ் கிடைக்க ஒரு வாரம் என்று நழுவவிடுபவர்கள் அதிகம்.

வாங்கிவரும் விதமும் முக்கியம். இது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு கொடுப்பார்கள். ஊசி ஐஸ் பேக்கில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் உறைந்துவிடும், உறைந்தது வீண். நடுவில் ஒரு துணியோ அட்டையோ வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஃப்ரீசரிலும் வேண்டாம், ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். நடுத்தட்டில் அட்டைப்பெட்டியோடு வையுங்கள், குலுக்காதீர்கள். மின்வெட்டில் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதென்று பதற வேண்டாம். இந்த ஊசியை முதன்முதலில் கொண்டுவந்த கம்பெனியின் மருந்தை (ப்ரோலியா) 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்பது கணக்கு. மற்ற கம்பெனி மருந்துக்குப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். ஆனால் நம் ஊர் மே மாத அறை 25 டிகிரியில் இருக்காது. போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு எடுத்து வெளியே வைத்தால் வலி குறையும். வெந்நீரில் காட்டக் கூடாது. மருந்து நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ தெளிவாக இருக்கும். கலங்கலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது கால்சியம். ஊசி போட்டதும் எலும்பு கரைவது நின்றுவிடுவதால் இரத்தத்தில் கால்சியம் இறங்கும். பத்தாவது நாளை ஒட்டித்தான் மிகவும் குறைவாக இருக்கும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் எறும்பு ஊர்வது, கெண்டைக்கால் இழுப்பது எல்லாம் அதன் அடையாளம். அதனால் ஊசிக்கு முன்பே இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின் பார்த்து, குறை இருந்தால் சரிசெய்த பிறகே போட வேண்டும். சிறுநீரகத் தடை இல்லை என்று மேலே பாராட்டினேனே, அங்கேதான் பொறியும் இருக்கிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் கால்சியம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குத் தன் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது.

தினமும் 1,000 மி.கி. கால்சியமும், குறைந்தது 400 ஐ.யு. வைட்டமின் டியும் வேண்டும். மாத்திரைப் பட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று இருந்தால் உடம்புக்குக் கிடைக்கும் கால்சியம் 500 மி.கி.தான். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கள். அசிடிட்டிக்குப் பான்டோபிரசோல் தினமும் எடுப்பவர்களுக்குச் சிட்ரேட் வகை மேல். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பல் விஷயத்தில்தான் தேதி பெரும்பாலும் கெடுகிறது. பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவது இந்த மருந்தின் அரிதான பக்கவிளைவு. 120 மி.கி. மாதாமாதம் போடுபவர்களுக்கு அதிகம், 60 மி.கி.யில் மிகக் குறைவு. பல் டாக்டர் பயந்துபோய் "ஊசியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் பிடுங்கலாம்" என்று சொல்லிவிட்டால், பல்லைக் காப்பாற்றப் போய் முதுகெலும்பு போகும். அவசரமில்லாத பல் வேலையைக் கடைசி ஊசிக்கு நான்காம் மாத வாக்கில் வைத்துக்கொண்டால், புண் ஆற ஆறு முதல் எட்டு வாரம் கிடைக்கும், அடுத்த ஊசியும் தேதியில் போட்டுவிடலாம். இரண்டு டாக்டரையும் பேசவைத்துவிடுங்கள். முதல் ஊசிக்கு முன்பே ஆடும் பல், சொத்தைப் பல்லை முடித்துவிடுவது இன்னும் நல்லது. பல வருடம் போடுபவர்களுக்குத் தொடையிலோ கவட்டிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருந்தால் தொடையெலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த மருந்தில் அரிதாகத் தொடையெலும்பு ஒடிவதும் உண்டு; முழுதாக ஒடிவதற்கு முன்னால் பலருக்கு அப்படித்தான் வலிக்கிறது.

நிறுத்துவதற்கும் வழி உண்டு. கடைசி ஊசிக்கு ஆறாவது மாதத்தில் ஜோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. ஏற்றுவார்கள், அல்லது அலெண்ட்ரோனேட்டை ஓரிரு வருடம் கொடுப்பார்கள். அதுவும் எல்லோருக்கும் முழுதாகப் பிடித்து நிறுத்துவதில்லை. வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் சிரமம்.

இத்தனை பாராட்டிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். தோழியின் அம்மாவுக்கு இதை முதல் மருந்தாக ஆரம்பிக்க நான் சொல்ல மாட்டேன். அவர் ஊரில் தனியாக இருக்கிறார், ஊசியை வாங்கிவந்து போட்டுவிட ஆள் இல்லை. விலை குறைந்தது சந்தோஷம்தான், தேதியின் கெடுபிடி அதனால் குறையவில்லை. கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35க்கு மேல் இருந்தால், வருடம் ஒரு முறை ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் போதுமா என்று முதலில் கேளுங்கள். அது ஒத்துவராது, டெனோசுமாப்தான் என்றால், முதல் ஊசி போடும் முன்பே டாக்டரிடம் இரண்டு பதிலை மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை வருடம் போடப்போகிறோம், நிறுத்தும்போது எந்த மருந்துக்கு மாறப்போகிறோம்.