ஏற்காட்டில் ஓடுகிறது, லீ பஜாரில் நிற்கிறது: டேட்டாபேஸ் ஒத்திசைவுக்கு மூன்று வழிகள்

"மலையில இருந்தா தானா ஏறிடுதுங்க. குடோனுக்கு வந்தா நின்னுடுது."

காபி, மிளகு வியாபாரி ஒருவரின் மேனேஜர் சொன்னது இது. சேலம் லீ பஜார் குடோனில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர். மேனேஜரின் லேப்டாப்பில், இருப்பும் விலையும் பார்க்க அதன் நகல். ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து நகல் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொள்கிறது. சர்வருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அசைவதில்லை.

முதலில் பிழை எண்ணைப் பாருங்கள். 'சர்வரோடு இணைய முடியவில்லை' என்னும் 2003-க்குப் பின்னால் 111 (விண்டோஸில் 10061) என்றால், தகவல் போய்ச் சேர்ந்தது, அங்கே கதவைத் திறக்க ஆளில்லை. பெரும்பாலும் பைண்ட் அட்ரஸ் (சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்கும் என்ற அமைப்பு) 127.0.0.1, அதாவது தன் கணினிக்குள் மட்டும், என்று இருக்கும். 110 (விண்டோஸில் 10060) என்றால் பதிலே வரவில்லை. இங்கே வந்தது 10060.

காரணம் இதுதான். லேப்டாப்பில் சர்வர் முகவரியாகக் குடோன் இணைப்பின் வெளி ஐபியை (இணையத்திலிருந்து தெரியும் முகவரி) கொடுத்திருந்தார்கள். ரவுட்டர், மைஎஸ்கியூஎல்லின் வாசலான 3306 போர்ட்டை உள்ளே சர்வரின் 192.168.1.10-க்குத் திருப்பிவிடுகிறது. குடோனுக்குள்ளிருந்து வெளி ஐபியைக் கூப்பிட்டாலும் அதையேதான் செய்யும். ஆனால் கேட்டது பக்கத்து மேசை என்று பார்க்கும் சர்வர், ரவுட்டரைச் சுற்றாமல் நேராகப் பதில் அனுப்பிவிடும். லேப்டாப் கேட்டது ஒருவரிடம், பதில் சொல்வது வேறொருவர். அது அந்தப் பதிலைக் குப்பையில் போட்டுவிடும்.

முதல் வழி ஹேர்பின் (கொண்டை ஊசி) நாட், ரவுட்டர் முகவரியை மாற்றித் திருப்பிவிடும் முறை. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, இது 21-ஆவது. அனுப்புநர் முகவரியையும் ரவுட்டர் தன்னுடையதாக மாற்றிவிடும், பதிலும் அதன் வழியே திரும்பும். லேப்டாப்பில் கை வைக்கவே வேண்டாம் என்பது வசதி. ஆனால் மைஎஸ்கியூஎல் கணக்கு என்பது பெயர் மட்டுமல்ல, எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. லேப்டாப்பின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால், இப்போது வருபவர் ரவுட்டரின் 192.168.1.1. உடனே 'அனுமதி இல்லை' என்று 1045 அல்லது 1130. நெட்வொர்க்கைச் சரிசெய்த பிறகு பாஸ்வேர்டு தப்போ என்று அரை நாள் தேடியிருக்கிறேன். சில ரவுட்டர்களில் இந்த வசதியே கிடையாது.

இரண்டாவது, ஸ்ப்ளிட் டிஎன்எஸ். டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்லும் சேவை. ஐபிக்குப் பதில் ஒரு பெயர் வைத்து, குடோன் டிஎன்எஸ் அந்தப் பெயருக்கு உள் முகவரியும் வெளி டிஎன்எஸ் வெளி முகவரியும் சொல்லவேண்டும். சுத்தமான வழி, டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறு டிஎன்எஸ் மென்பொருளில் ஒரு வரி போதும். இடையூறு செய்வது, மலையில் கேட்ட பதிலை லேப்டாப் கீழேயும் நினைவில் வைத்திருப்பதும், குடோன் டிஎன்எஸ்ஸைக் கேட்காத செயலிகளும். ஒரே இடத்தில் இருக்கும் கடை என்றால் இதையே சொல்வேன்.

இந்த இரண்டிலும் 3306 உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. கதவைத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகளுக்குக் குறைவில்லை. அதனால்தான் மூன்றாவது வழியான வயர்கார்டுக்கு, இரண்டு கணினிகளுக்கிடையே பூட்டிய சுரங்கம் போடும் விபிஎன்னுக்குப் போனேன். லினக்ஸ் கர்னலிலேயே 2020-இல் சேர்ந்துவிட்டது; சர்வரிலேயே நிறுவி, 3306-ஐ மூடி, யுடிபி 51820 மட்டும் திறந்தால் போதும்; சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. லேப்டாப்பில், எந்த முகவரிகள் சுரங்கம் வழியே போகவேண்டும் என்று சொல்லும் அலவ்டு ஐபி வரியில் 192.168.1.10/32 (அந்த ஒரே முகவரி மட்டும்) என்று எழுதினேன். மேலே சுரங்கம் வழியாக, கீழே சுரங்கம் இல்லாமல், இரண்டிலும் முகவரி அதே 192.168.1.10. டிஎன்எஸ் பஞ்சாயத்தே இல்லை. கணக்கில் மட்டும் 192.168.1.% தவிர சுரங்கத்துக்குக் கொடுத்த 10.77.0.% வரிசையும் சேர்க்கவேண்டும்.

எஸ்டேட் ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் இருந்தது. /32 என்பதால் சமாளிக்கும் என்றாலும், நாளைக்கு அங்கே பிரிண்டருக்கு அதே .10 கிடைத்தால் யார் அலைவது? அதை 192.168.37-க்கு மாற்றினேன். இன்னொரு வம்பு: கீழே வந்ததும் வயர்கார்டை அணைக்கவேண்டும். மறந்தால் அதுவும் வெளி ஐபியைத்தான் தேடும், மறுபடி அதே கொண்டை ஊசி. மேனேஜர் லேப்டாப் மூடியில் சிவப்புப் பேனாவால் எழுதி ஒட்டிக்கொண்டார்.

குடோனுக்குச் சொந்த வெளி ஐபி இல்லாமல், இணைய நிறுவனம் பலரையும் ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் வைத்துக் கொடுக்கும் பங்கு முகவரி (100.64 முதல் 100.127 வரை) கிடைத்திருந்தால் இந்த மூன்றும் நடக்காது. நடுவில் வாடகை சர்வர் ஒன்று வைத்து இரண்டு பக்கமும் அதனோடு சுரங்கம் போடவேண்டும்.

கிளம்பும்முன் பின்லாக்கை, சர்வர் தன் மாற்றங்களை வரிசையாக எழுதி வைக்கும் பதிவை, பார்த்தேன். நகல் சில நாள் பின்தங்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் ஆதாரம். மைஎஸ்கியூஎல் 8-இல் இயல்பாக 30 நாள் இருக்கும். டிஸ்க் நிறைகிறது என்று இங்கே யாரோ ஒரு நாளாகக் குறைத்திருந்தார்கள். சனி, ஞாயிறு மழையில் மலையில் லைன் போனால் திங்களன்று, வேண்டிய பதிவு அழிந்துவிட்டது என்று 1236 பிழை, நகலை முதலிலிருந்து எடுக்கவேண்டும். பத்து நாளாக்கிவிட்டு வந்தேன்.