ஒரே தொகுப்பில் இரு முகங்கள்: பிளிங்க்-182

1999 ஜூனில் வெளிவந்து பிளிங்க்-182 ராக் இசைக்குழுவை அமெரிக்காவின் பெருந்திரள் ரசிகர்களிடம் கொண்டு சேர்த்த 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' இசைத்தொகுப்பில், 'ஆல் தி ஸ்மால் திங்ஸ்', 'ஆடம்ஸ் சாங்' என்ற இரு பாடல்களும் ஒரே குழுவினுடையவை என்று நம்புவது சற்றுக் கடினம்.

முதலாவது, குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான டாம் டிலாங் தம் காதலியை எண்ணி எழுதிய, மூன்று நிமிடங்களுக்கும் குறைவான பாடல். படிக்கட்டருகே அவள் வைத்துச் சென்ற ரோஜாக்களும், எவரும் உடனே சேர்ந்து பாடக்கூடிய 'நா நா' என்ற இழுப்பும் அதன் பலம். பாய் பேண்டுகளை, அதாவது பாடி ஆடும் இளைஞர் குழுக்களை, கேலி செய்த அதன் காணொளி அந்தக் குழுக்களின் ரசிகர்களையே ஈர்த்தது தனி வேடிக்கை. அமெரிக்கப் பாடல்களின் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது 6ஆம் இடம் வரை ஏறியது.

குழுவின் மற்றொரு பாடகரான மார்க் ஹாப்பஸ் எழுதிய 'ஆடம்ஸ் சாங்' நான்கு நிமிடங்களைக் கடந்து, தற்கொலை எண்ணத்தில் உழலும் ஓர் இளைஞனின் குரலில் மெதுவாக நகர்கிறது. சிறுவயதில் கூடத்தில் ஆப்பிள் சாறு கொட்டியதை நினைவுகூரும் அவன், அடுத்த மூச்சிலேயே, இது அம்மாவின் தவறல்ல என்று அவரிடம் சொல்லிவிடும்படி வேண்டுகிறான். அந்த இடத்தில் டிராவிஸ் பார்க்கரின் அதிரடி டிரம்ஸைக்கூட நான் மறந்துவிடுகிறேன். இறுதியில் பியானோவோடு வரிகளும் நாளையை நோக்கித் திரும்புகின்றன.

விருந்துக்கு முதலாவது போதும். திரும்பத் திரும்பக் கேட்க நான் தேர்வது இரண்டாவதையே.