கொடைக்கானல் குளிரில் திதி பார்த்துப் பூஜை: பல வருடப் பழக்கத்துக்குப் பின்

வளர்பிறை, தேய்பிறை பார்த்துப் பூஜையும் (திருஷ்டி போக்கும்) கழிப்பும் செய்வதைக் கொடைக்கானலில் வருடக்கணக்கில் விடாமல் கடைப்பிடித்தால் ஒன்று புரியும். நமக்கு வந்து சேர்ந்த முறைகள் சமவெளி வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னவை. நிலா தெரிகிற நேரம், விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், தூபக் கரி இந்த மூன்றையும் மலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டால்தான் மாதம் தவறாமல் நடக்கும்.

முதலில் திதி. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 டிகிரி விலகினால் ஒரு திதி, அமாவாசைக்கு அமாவாசை 30 திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி வரைக்கும் இழுக்கும். அதனால் தினசரி காலண்டரில் 'பௌர்ணமி' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. ஆரம்பம், முடிவு இரண்டு நேரமும் வேண்டும். பௌர்ணமிப் பூஜைக்கும் சங்கடஹர சதுர்த்திக்கும் (தேய்பிறை நான்காம் திதிப் பிள்ளையார் விரதம்) சந்திரன் உதிக்கிறபோது அந்தத் திதி இருக்க வேண்டும். தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் அமாவாசை இருக்கிற நாள். பழைய வாய்பாட்டில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கில் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். இந்த மாதம் அது, அடுத்த மாதம் இது என்று மாற்றினால் விரதம் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். உங்கள் ஊர்க் கோயிலில் எதைப் பார்க்கிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

செல்போன் ஆப்பில் பலரும் குழம்புவது இன்னொரு இடத்தில். திதி முடிகிற நிமிடம் நாடு முழுக்க ஒன்றுதான். சந்திரோதயம் அப்படியல்ல, ஊருக்கு ஊர் மாறும். ஆப்பில் ஊர் சென்னை என்றே இருந்தால் கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் பிந்திப் பார்க்க வேண்டியிருக்கும். அதுவும் மறைப்பே இல்லாத சமதரைக்குக் கணக்கிட்ட நேரம். கிழக்கே மேடு இருக்கிற வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள்: கையை முழுக்க நீட்டி, முஷ்டியை அடிவானத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி உயரம் சுமார் 10 டிகிரி. நம் பக்கத்தில் நிலா ஏறக்குறைய நேர்செங்குத்தாக ஏறுவதால் டிகிரிக்கு 4 நிமிடம், ஒரு முஷ்டி மேட்டுக்கு 40 நிமிடம். சங்கடஹர சதுர்த்தியன்று பஞ்சாங்கத்தில் உதயம் 8:50 என்றால் உங்கள் வாசலில் நிலா தெரிய 9:30 ஆகும். விரதம் இருக்கிறவர்களும் குழந்தைகளும் அதுவரை குளிரில் நிற்க வேண்டாம்.

மூன்றாம் பிறைக்குக் கணக்கு தலைகீழ். மேற்கே அதே உயரத்தில் மேடு இருந்தால் பிறை 40 நிமிடம் முன்னாலேயே மறைந்துவிடும்; பார்க்கக் கிடைப்பது அரை மணி கூட இருக்காது. மார்கழிப் பௌர்ணமி நிலா கிழக்குக்கு வடக்கே தள்ளி உதிக்கும், ஆனியில் தெற்கே தள்ளி. ஒரே ஜன்னலில் வருடம் முழுக்கக் காத்திருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மஞ்சும் மூடிக்கொள்வதால் நிலாவே தெரியாமல் போவது சகஜம். அப்போது உதய நேரம் கடந்ததும் அந்தத் திசை பார்த்து அர்க்கியம் (கையால் நீர் வார்ப்பது) விட்டு முடித்துவிடலாம். தைப்பூசப் பௌர்ணமி பெரும்பாலும் தெளிவான வானத்தில் கிடைக்கும், வருடத்தில் மிக அழகான நிலா அதுதான்.

விளக்கில்தான் அதிகம் சறுக்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். இங்கே அது பாட்டிலைவிட்டே இறங்காது. நெய் விளக்கில் திரியைச் சுற்றிக் காசளவு உருகும், மீதி வெள்ளையாகக் கட்டியாகி நிற்கும். உருகினது தீர்ந்ததும் திரி கருகி அணைந்துவிடும். ஆமணக்கெண்ணெய் குளிரில் கெட்டிப்பட்டுத் திரியில் ஏறாது. நல்லெண்ணெய் மூன்று பங்கு, உருக்கிய நெய் ஒரு பங்கு கலந்து, ஏற்றுவதற்கு முன் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஊற்றுங்கள், நின்று எரியும். பஞ்சுத்திரி ஈரத்தை இழுக்கும், அரிசி டின்னுக்குள் போட்டு வையுங்கள். புது அகலை ஊறவைத்தால் காய இங்கே இரண்டு நாளாவது வேண்டும். ஈரம் நின்றால் சுடர் படபடவென்று தெறிக்கும்.

சாம்பிராணிக்குச் சிரட்டைக்கரி நான்கு துண்டு போதும். வெளித் திண்ணையில் வைத்து, மேலே சாம்பல் பூத்த பிறகு அரை டீஸ்பூன் பொடி தூவுங்கள். கரி கருப்பாக இருக்கும்போது தூவினால் வெறும் புகைச்சல்தான். குளிருக்காக எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கரிச்சட்டியைப் படுக்கையறையில் விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் காட்டிவிட்டு வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள்.

நைவேத்தியம் சுருக்கமாக: 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் வெண்கலப் பானையில் பொங்கல் வேகாமல் விறைக்கும். அரிசி பருப்பை அரை மணி ஊறவைத்துக் குக்கரில் இரண்டு விசில் கூட விடுங்கள். அவசரமென்றால் மலைவாழைப்பழமே போதும்.

வளர்பிறையில் சேர்ப்பது, தேய்பிறையில் கழிப்பது என்ற மரபு வீட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வளர்பிறையில் சங்கல்பம் செய்து தொடங்கினதை அந்தப் பௌர்ணமியன்று எடுத்துப் பார்க்கிற பழக்கம் வந்தால் காரியம் பாதியில் நிற்பது குறையும். வசியம் (ஒருவரை வசப்படுத்துவது), உச்சாடனம் (விரட்டுவது) என்று சொல்லிப் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் காசு கேட்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள். குடும்பத்துக்குத் தேவையானதைக் குடும்பமே செய்துகொள்ளலாம்.

அமாவாசைக் கழிப்புக்குப் பூசணிக்காயை ரோட்டில் உடைக்க வேண்டாம். மஞ்சில் நனைந்த இறக்கத்தில் அது வண்டி வழுக்கி விழ வைக்கும். கல் உப்பு ஒரு பிடி, காய்ந்த மிளகாய் ஐந்து, கடுகு ஒரு சிட்டிகை எடுத்து, வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றி அடுப்பு நெருப்பில் போடுங்கள். இங்கே உப்பு எப்போதும் நசநசவென்று இருக்கும்; அப்படியே போட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்த பிறகு எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. மாசியிலிருந்து சித்திரை வரை புல் காய்ந்து கிடக்கும், வெளியில் நெருப்பு கூடவே கூடாது. படையலையும் முற்றத்தில் விட்டுவைக்காதீர்கள். வாழைப்பழ வாசத்துக்குக் காட்டெருமை வாசல் வரை வரும். பூஜை முடிந்ததும் இலையோடு உள்ளே எடுத்துவிடுங்கள்.